வயிற்றுக்குள் ஒட்டுப்பால்: ஆபரேஷனுக்குப் பிறகு குடல் ஒட்டிக்கொள்வது பற்றி

கேள்வி, 4 ஜூன் 2023, இரவு 9.10

அம்மாவுக்கு 48 வயது. கருப்பையில் பெரிய நார்க்கட்டி. அடுத்த மாதம் வயிற்றைத் திறந்து ஆபரேஷன் என்று தேதி கொடுத்துவிட்டார்கள். சின்னம்மாவுக்கு இதே ஆபரேஷன் முடிந்து ஆறு வருடம் கழித்து, குடல் ஒட்டிக்கொண்டது என்று மறுபடியும் வயிற்றைத் திறந்தார்கள். அதைப் பக்கத்திலிருந்து பார்த்த அம்மா இப்போது ராத்திரி தூங்குவதில்லை. நேரடி விற்பனைக்காரர் ஒருவர் ‘உள்தழும்பைக் கரைக்கும் என்சைம்’ மூன்று மாதத்துக்கு 420 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) என்கிறார். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா), வயிற்றை உருவிவிட்டால் ஒட்டவே ஒட்டாது என்கிறார். எது உண்மை? தடுக்க முடியுமா? வந்தால் கரைக்க முடியுமா?

பதில், 4 ஜூன், இரவு 11.35

420 வெள்ளியைப் பத்திரமாக வைத்திருங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவை ஈப்போவுக்கு அழைத்துப் போய் வர டாக்சிக்கு ஆகும்.

நான் டாக்டர் இல்லை. இரண்டு முறை வயிறு திறக்கப்பட்டவள், ஒரு முறை குடல் அடைத்துக்கொண்டவள், அவ்வளவுதான். 1990இல் குடல்வால் வெடித்து ஆபரேஷன். 1997இல் மகனுக்காக சிசேரியன். ‘உள்ளே எல்லாம் ஒட்டிக் கிடக்கிறது’ என்று அந்த மேசையில் படுத்திருந்தபோதுதான் முதன்முதலாகக் கேட்டேன். இடுப்புக்குக் கீழே மரத்திருந்தது, காது மரக்கவில்லை. 2019இல் குடல் அடைப்பு.

கேள்விக்கு நேராகவே பதில். ஓரளவு தடுக்கலாம். அது பெரும்பாலும் அறுவை செய்பவரின் கையில் இருக்கிறது, நம் வாயில் போடும் மாத்திரையில் இல்லை. வந்துவிட்ட ஒட்டைக் கரைக்கும் மருந்து எந்தக் கடையிலும் இல்லை. வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. வயிறு திறந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உள்ளே ஏதோ ஓர் ஒட்டு இருக்கும். 1990இல் இங்கிலாந்தில் மென்சீஸ், எல்லிஸ் என்ற இருவர், முன்பே வயிறு திறந்திருந்த 210 பேரை மறுபடியும் திறந்தபோது பார்த்தது 93 விழுக்காடு. அத்தனை பேருமா துடித்துக்கொண்டிருக்கிறார்கள்?

ஆனால் மூன்றில் ஒருவர் பத்து வருடத்துக்குள் இதற்காக மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். அதையும் சொல்லிவிடுகிறேன்.

5 ஜூன், காலை 6.20

தூக்கம் வரவில்லை. ஒட்டு எப்படி உண்டாகிறது என்பதை எழுதுகிறேன். அது புரிந்தால் மக்சிக்குக்கும் மாத்திரைக்காரருக்கும் நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியும் முன் பெரட்டுக்கு (ஆள் எண்ணும் கூட்டத்துக்கு) போய், நெற்றி விளக்கோடு மர நிரையில் இறங்குவார். உளி பட்ட கோட்டில் பால் கசிந்து மங்கில், அதாவது மரத்தில் கட்டிய கிண்ணத்தில், சொட்டும். பத்து, பதினொரு மணிக்குள் வாளியில் சேர்த்துவிட்டால் அது பால். விட்டுவிட்டால் மறுநாள் மங்கில் கிடப்பது ஒட்டுப்பால். அதை விரலால் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும், எந்த மந்திரம் சொன்னாலும் மறுபடியும் பாலாக ஓடாது.

வயிற்றின் உட்சுவரிலும் குடலின் மேலும் கண்ணாடித் தாள் போல ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. வழுவழுவென்று இருப்பதால்தான் குடல் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிப் போகிறது. கத்தி பட்டால், துணி உரசினால், காற்றில் காய்ந்தால், ரத்தம் தேங்கினால் அது சிராய்ந்துபோகும். சில மணி நேரத்தில் அந்த இடத்தில் ஃபைப்ரின் என்ற பசை கசியும். சிராய்த்த இரண்டு பக்கம் பக்கத்தில் இருந்தால் பசை இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும். இது நோய் இல்லை, காயம் ஆறுகிற வழி. உடம்பே அந்தப் பசையைக் கரைக்கவும் செய்கிறது. சுமார் மூன்று நாளில் கரைத்துவிட்டால் தொல்லை இல்லை. கரைக்கும் சக்தி அடிபட்ட இடத்தில், அதுவும் ரத்த ஓட்டம் குறைந்த இடத்தில், குறைந்துபோகிறது. அப்போது பசைக்குள் நார்த்திசு செல்கள் புகுந்து, நார் பின்னி, கயிறாக்கிவிடும். சவ்வு தன் மேல்தோலை மூடிக்கொள்ள ஒரு வாரம் போதும். அந்த வாரத்திலேயே எல்லாம் முடிவாகிவிடுகிறது.

அதனால்தான் மூன்று மாதத்து மாத்திரை என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பதினோரு மணிக்கு வாளி எடுக்காதவன் தீபாவளிக்கு வாளியோடு வந்த கதை.

5 ஜூன், மதியம்

குடல்வால் 1990 இல்லை, 1991. என் தம்பி இதைப் படித்துவிட்டு அழைத்தான். அந்த வருடம்தான் அவன் எஸ்பிஎம் (பள்ளியிறுதிப் பரீட்சை) எழுதினான், நான் ஆஸ்பத்திரியில் கிடந்ததால்தான் கணக்கில் தோற்றான், அதைக்கூடத் தவறாக எழுதுகிறாயா என்கிறான். முப்பத்திரண்டு வருடமாக என் குடல்வாலைத்தான் காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இன்னொரு திருத்தம், இது முக்கியம். ‘மூன்றில் ஒருவர் மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு’ என்று இரவு எழுதியது முழு உண்மை இல்லை. அது 1999இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஸ்காட்லாந்துக் கணக்கு. 1986இல் வயிற்றிலோ இடுப்புக்குழியிலோ திறந்த அறுவை செய்துகொண்ட 29,790 பேரைப் பத்தாண்டு தொடர்ந்து பார்த்தார்கள். 34.6 விழுக்காட்டினர் திரும்பி வந்தார்கள் என்பது சரி. ஆனால் அதில் ‘ஒட்டாக இருக்கலாம்’ என்பவையும், ஒட்டு இருந்தால் சிக்கலாகக்கூடிய வேறு ஆபரேஷன்களும் சேர்த்தி. நேரடியாக ஒட்டினால்தான் என்று உறுதியாகச் சொன்னது, அந்த மறுவரவுகளில் 5.7 விழுக்காடு. அம்மாவிடம் இந்த இரண்டாவது எண்ணைச் சொல்லுங்கள். முதல் எண் பயமுறுத்தத்தான் உதவும்.

6 ஜூன், இரவு 8.50

தடுப்பது பற்றி. இதை ஆபரேஷனுக்கு முன்னால் கேட்க வேண்டும், பிறகு கேட்டுப் பயனில்லை.

துளை போட்டுக் கேமரா வைத்துச் செய்ய முடியுமா என்பது முதல் கேள்வி. திறந்து செய்வதைவிட அதில் ஒட்டு குறைவு. இல்லவே இல்லை என்று நினைக்க வேண்டாம், குறைவு. கட்டி பெரிதென்றால் முடியாமல் போகலாம். அப்போது வாதாட வேண்டாம்.

திறந்துதான் செய்கிறார்கள் என்றால், ஒட்டு தடுக்கும் படலம் வைப்பார்களா என்று கேளுங்கள். படலம், திரவம் என்று இரண்டு வகை. ஹயலுரானிக் அமிலமும் செல்லுலோஸும் கலந்த செப்ராஃபிலிம் என்ற மெல்லிய தாள் 1996 முதல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. காயம்பட்ட இடத்துக்கும் குடலுக்கும் நடுவே வைத்தால் அந்த முக்கியமான வாரம் முழுதும் குறுக்கே நின்றுவிட்டுத் தானே கரைந்துபோகும். அடெப்ட் என்பது திரவம், 4 விழுக்காடு ஐகோடெக்ஸ்ட்ரின். வயிற்றுக்குள் ஊற்றிவிட்டால் உறுப்புகள் சில நாள் மிதந்துகொண்டிருக்கும். இரண்டும் ஒட்டைக் குறைக்கும், ஒழிக்காது. குடலை வெட்டித் தைத்த இடத்தைச் சுற்றித் தாளைப் போர்த்தக் கூடாது, தையல் கசியும். அரசாங்க ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் வைப்பதில்லை. தனியாரில் பில்லில் தனி வரியாக வரும். கேட்பதற்குக் காசு இல்லை.

மற்றதெல்லாம் கைப்பக்குவம். மென்மையாகப் பிடிப்பது, ஈரமாக வைத்திருப்பது, ரத்தக்கட்டியை விட்டுவைக்காமல் கழுவி எடுப்பது, தேவையில்லாத தையல் போடாதது. முன்பு சொன்ன அதே எல்லிஸ், அறுவை மருத்துவர் ஹரோல்ட் எல்லிஸ், 1962இலேயே எழுதிவிட்டார்: அந்தச் சவ்வை இழுத்துப் பிடித்துத் தைத்தால் ரத்த ஓட்டம் செத்து அங்கேதான் ஒட்டும், திறந்தபடி விட்டால் தானே மூடிக்கொள்ளும். அதுவரை எல்லாரும் நேர்மாறாக, தைத்தால்தான் ஒட்டாது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

இதையும் அம்மா பாணியில் சொல்லிவிடுகிறேன். நல்ல சீவுகாரர் பட்டையை மட்டும்தான் எடுப்பார். உளி ஆழமாகப் போய் மரத்தில் பட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அதில் கோடு போட முடியாது. எந்த நிரை யாருடையது என்று மரத்தைப் பார்த்தே என் அம்மா சொல்லிவிடுவார்.

6 ஜூன், இரவு 10.15

கையுறை பற்றிச் சொல்லாமல் படுக்கக் கூடாது.

1991இல் நான் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். பள்ளிக்கூடம் முடித்த பெண்களைத் தோட்டத்து முச்சந்தியிலிருந்து வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும். பீங்கான் கைகள் வரிசை வரிசையாக, விரல் கீழே தொங்க, சங்கிலியில் ஓடிவரும். அதிலிருந்து கையுறையை உரித்தெடுப்பது எங்கள் வேலை. கையில் ஒட்டாமல் மாட்டிக்கொள்ள உள்ளே சோளமாவுத் தூள். வேலை முடிந்து வெளியே வரும்போது இமை முடிகூட வெள்ளையாக இருக்கும். அப்பா வாசலிலேயே நிறுத்தி, ‘கொழுக்கட்டை வந்துவிட்டது, தட்டிவிட்டு உள்ளே வா’ என்பார்.

அந்தத் தூள் வயிற்றுக்குள் விழுந்தால் உடம்பு அதை அந்நியப் பொருளாகப் பார்த்து, சுற்றிலும் கட்டி கட்டியாக்கி ஒட்ட வைக்கும். இது பல பத்தாண்டாகத் தெரிந்த விஷயம். சோளமாவுக்கு முன் டால்க் பவுடர், அது இன்னும் மோசம். கடைசியில் அமெரிக்கா தூள் போட்ட மருத்துவக் கையுறையையே தடை செய்தது, 2017 ஜனவரியிலிருந்து. உலகத்தின் ரப்பர் கையுறையில் பெரும்பங்கு இந்த மலேசியாவிலிருந்துதான் போகிறது. அம்மா பால் எடுத்தார், மகள் மாவு தட்டினாள், அந்தக் கையுறையைப் போட்டுக்கொண்டு யாரோ மகளின் வயிற்றிலேயே கை வைத்தார்கள். பல வருடம் எனக்கு இந்தக் கணக்கு இப்படித்தான் முடிந்தது.

8 ஜூன்

பப்பாளி சாப்பிட்டால் கரையும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சிரிக்காதீர்கள், அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பப்பாளிப் பாலிலிருந்து எடுத்த பாப்பைனை ஒட்டு வராமல் தடுக்க வயிற்றுக்குள்ளேயே விட்டுப் பார்த்த டாக்டர்கள் உண்டு. மீனின் காற்றுப்பை, ஆலிவ் எண்ணெய், பாரஃபின் என்று அவர்கள் விட்டுப் பார்க்காதது எதுவும் இல்லை, எங்கள் ஊர் வைத்தியர்களே தோற்றார்கள். எதுவும் நிலைக்கவில்லை.

வாயில் போடும் என்சைம் வேறு கதை. அது புரதம். சாப்பிட்ட கோழியை வயிறு என்ன செய்யுமோ அதையேதான் இதற்கும் செய்யும். குடலுக்கு உள்ளே போகும் பொருள் குடலுக்கு வெளியே இருக்கும் நாரை எப்படித் தேடிப் பிடிக்கும்? விற்பனைக்காரரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். அவர் தன் மேல்நிலை உறுப்பினரை அழைத்து வருவதாகச் சொல்வார்.

பப்பாளி சாப்பிடுங்கள், மலம் இளகும். அது வேறு புண்ணியம்.

9 ஜூன்

மக்சிக்குக்கு எதிராக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். சிசேரியன் முடிந்து நாற்பது நாள் கழித்து என் வயிற்றில் பெங்கோங் என்ற வயிற்றுக்கட்டுத் துணியைச் சுற்றிவிட்டவர் அப்படி ஒரு மலாய் அம்மாதான். அந்தக் கை பட்டதும் நான் அழுதேன், வலியால் அல்ல. இடுப்புக்கு அது தந்த சுகத்தை எந்த மருந்தும் தரவில்லை. ஆனால் உருவினால் உள்ளே ஒட்டு விடுபடும் என்பதற்கு மனிதரிடத்தில் உறுதியான சான்று கிடையாது. 2012இல் எலிகளில் செய்து பார்த்தார்கள், ஆபரேஷன் முடிந்த கையோடு வயிற்றை மெல்ல அசைத்துவிட்டபோது ஒட்டு குறைந்தது. எலிக்குத் தையல் வலித்ததா என்று யாரும் கேட்கவில்லை. பச்சைக் காயத்தின் மேல் யாரையும் அழுத்த விடாதீர்கள்.

11 ஜூன், ஞாயிறு

குடல் அடைப்பு எப்படி இருக்கும் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எழுதுகிறேன், சோற்றுக்கு முன் படிக்க வேண்டாம்.

2019இல் ஒரு பதினாறாம் நாள் காரியம். வாழையிலை, பலாக்காய்ப் பிரட்டல், முருங்கைக்காய் சாம்பார். பலாக்காய் இரண்டு முறை வாங்கினேன். முருங்கைக்காயை மென்று துப்பாமல் பேச்சு சுவாரசியத்தில் விழுங்கினேன். சாயங்காலம் தொப்புளைச் சுற்றிப் பிசைந்தது. காற்று என்று ஓமத்தண்ணீர் குடித்தேன். எட்டு மணிக்கு வலி அலை அலையாக வந்தது. ஓர் அலை ஏறும்போது வயிற்றுக்குள் தண்ணீர்க் குழாய் இரைவது போலச் சத்தம், பக்கத்தில் நின்ற மகனுக்கே கேட்டது. பிறகு இறங்கும். ‘போய்விட்டது’ என்று நிமிரும்போது அடுத்தது. வாந்தி முதலில் சாப்பாடாக, பிறகு மஞ்சளாக, நள்ளிரவில் பச்சையாக வந்தது. வயிறு பறை போல உப்பியது. காற்றும் பிரியவில்லை, மலமும் போகவில்லை.

வீட்டில் உடனே விளக்கெண்ணெய்ப் பேச்சு எழுந்தது. நான் அந்தப் பாட்டிலைப் பிடுங்கி அலமாரி மேலே வைத்தேன். 1991இல் அதுதான் என்னைக் கெடுத்தது. குடல்வால் வலியை மலக்கட்டு என்று நினைத்து அத்தை பேதிக்குக் கொடுத்தார். அத்தையைக் குறை சொல்லவில்லை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்த கை. ஆனால் வீங்கிய குடல்வாலின் மேல் பேதி மருந்து போனால் அது வெடிக்கும் வாய்ப்புக் கூடும். மூன்றாம் நாள் வெடித்தது. அடைத்த குடலுக்கும் அதே விதி: வாய் வழியாக எதுவும் வேண்டாம், பேதி மருந்து வேண்டவே வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய். அது தொண்டையில் இறங்கும்போது ‘தெலான், தெலான்’ என்று தாதி சொல்லிக்கொண்டே தள்ளினார். விழுங்கு என்று அர்த்தம். விழுங்கினேன். கட்டிலின் ஓரத்தில் தொங்கிய பையில் பச்சைத் தண்ணீர் நிறைந்தது, உப்பல் குறைந்தது. கையில் டிரிப். ‘பெர்லெக்காத்தான்’ என்றார் இளம் டாக்டர். அட்ஹீஷன் என்பதற்கு மலாய்ச் சொல். தமிழில் ஒட்டு என்று மூன்று எழுத்தில் சொல்லிவிடுகிறோம்.

மறுநாள் அந்தக் குழாய் வழியாகவே காஸ்ட்ரோகிராஃபின் என்ற மருந்து, 100 மில்லி. ஏப்பத்தில் சோம்பு வாசம் வந்தது. அது எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். ஒரு நாளைக்குள் பெருங்குடல் வரை போய்ச் சேர்ந்தால் அடைப்பு தானே விடும் என்று பெரும்பாலும் நம்பலாம், கத்தி வேண்டாம். போகவில்லை என்றால் மேசை. ஒட்டினால் வரும் அடைப்பில் பாதிக்கு மேல் இப்படியே விட்டுவிடுகிறது. மூன்று நாள் வரை பொறுத்துப் பார்ப்பார்கள். ஆனால் வலி அலையாக வந்து போகாமல் ஓயாமல் நீடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, நாடி ஓடினாலோ, வயிற்றைத் தொட விடாமல் வலித்தாலோ பொறுக்க மாட்டார்கள். குடல் முறுக்கி ரத்த ஓட்டம் நின்றிருக்கலாம். அங்கே எண்ணுவது நாள் அல்ல, மணி.

எனக்கு இரண்டாம் இரவு மூன்று மணிக்குக் காற்றுப் பிரிந்தது. ஒவ்வொரு முறை வரும்போதும் ‘சுடா கெந்தூட்?’ (காற்றுப் பிரிந்ததா?) என்று கேட்டுக்கொண்டிருந்த தாதி, கேட்டதும் கை தட்டினார். எதிர்க் கட்டில் சீனப் பாட்டியும் கை தட்டினார். வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல்.

12 ஜூன்

கையுறைக் கணக்கைத் திரும்பப் பார்க்கிறேன். ராத்திரி முழுதும் உறுத்தியது.

குடல்வால் வெடித்துச் சீழ் வயிறெல்லாம் பரவியிருந்தது. சீழ் ஒன்றே போதும், தூள் தேவையே இல்லை. எனக்கு ஆபரேஷன் செய்தவர் தூள் கையுறை போட்டிருந்தாரா, கழுவிவிட்டுத்தான் கை வைத்தாரா என்று நான் பார்க்கவில்லை, மயக்கத்தில் இருந்தேன். நான் மாவு தட்டிய வேலையும் என் வயிற்று ஒட்டும் ஒரே வருடத்தில் வந்ததால் இரண்டையும் நானே சேர்த்துத் தைத்துக்கொண்டேன். யாராவது ஒருவர் குற்றவாளியாக வேண்டியிருந்தது. அத்தையைச் சொல்ல மனம் வரவில்லை. தூளுக்கு வாய் கிடையாதே.

தூள் ஒட்டை உண்டாக்கும் என்பதில் மாற்றமில்லை. என் ஒட்டு அதனால் வந்தது என்பதை மட்டும் திரும்பப் பெறுகிறேன்.

15 ஜூன்

‘அடைப்பு இல்லை, ஆனால் ஆபரேஷன் செய்த இடத்தில் ஓயாத வலி, ஒட்டை அறுத்துவிடச் சொல்லலாமா’ என்று கேட்டவருக்கு.

நானும் கேட்டேன். 2020இல், ஐந்து வெள்ளிச் சீட்டு எடுத்து, மூன்று மணி நேரம் காத்திருந்து, ‘அறுத்துவிடுங்கள்’ என்றேன். டாக்டர் என் அட்டையின் பின்பக்கம் குடலை வரைந்தார், ஒட்டை வரைந்தார், அதைக் கோடு போட்டு அறுத்தார், பிறகு அறுத்த இரண்டு முனையையும் வட்டமிட்டு, ‘இங்கே இரண்டு புதுக் காயம்’ என்றார். அவ்வளவுதான் சொன்னார். வெளியே வந்து மகனிடம் அவரைத் திட்டித் தீர்த்தேன். அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் இப்படித்தான், வேலை செய்ய மனமில்லை என்றெல்லாம் பேசினேன்.

இரண்டு வருடம் கழித்துத்தான் படித்தேன். 2003இல் நெதர்லாந்தில் என்னைப் போன்ற நாள்பட்ட வலிக்காரர் நூறு பேர். எல்லாருக்கும் கேமரா வைத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு ஒட்டை அறுத்தார்கள், மீதிப் பேருக்குப் பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். யாருக்கு என்ன செய்தோம் என்று நோயாளிக்குச் சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்து இரு பக்கத்தாருக்கும் வலி குறைந்திருந்தது, ஏறக்குறைய ஒரே அளவு. அறுத்ததால் கூடுதல் நன்மை இல்லை. அறுக்கும்போது குடலில் ஓட்டை விழும் அபாயம் மட்டும் கூடுதல். முன்பே திறந்த வயிற்றைத் திறக்கும்போது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அப்படி நேர்ந்ததாக இன்னொரு டச்சுக் கணக்கு இருக்கிறது.

ஆகவே அடைப்பு, குடல் முறுக்கு, குழந்தைப்பேற்றைத் தடுக்கும் கருக்குழாய் அடைப்பு, இவற்றுக்கு அறுப்பது ஒரு நியாயம். வெறும் வலிக்கு அறுப்பதில் நான் இரண்டு முறை யோசிப்பேன். ஸ்கேனில் ‘ஒட்டு தெரிகிறது’ என்று யாராவது சொன்னாலும் யோசியுங்கள். சாதாரண ஸ்கேனில் அடைப்பு தெரியும், ஒட்டு என்ற அந்தக் கயிறு பெரும்பாலும் தெரியாது.

திட்டியதற்கு அந்த டாக்டரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. மாற்றலாகிப் போய்விட்டார்.

16 ஜூன்

எந்த ஊர் என்று கேட்கிறார்கள். சுங்கை சிப்புட். ஈப்போவிலிருந்து வடக்கே முப்பது கிலோமீட்டர். 1948 ஜூன் 16 அன்று மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டு, மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் தொடங்கியது இங்கேதான். தேதியைப் பார்த்தால் இன்றோடு 75 வருடம். எழுதும்போதுதான் கவனித்தேன். அம்மா சீவிய நிரைகளில் இப்போது செம்பனை நிற்கிறது. மங்கு ஒன்று மட்டும் வீட்டில் இருக்கிறது, அதில் கற்றாழை வைத்திருக்கிறேன்.

ஒட்டுப்பால் உவமை தப்பு என்று ஒரு தாதி எழுதியிருக்கிறார். சரிதான். ஒட்டுப்பால் செத்த பொருள். வயிற்று ஒட்டு செத்ததில்லை, அதற்குள் ரத்தக்குழாய் வளர்கிறது, நரம்பும் வளர்கிறது. ஆனால் மூன்று நாள் கணக்குக்கு அதைவிட நல்ல உவமை என்னிடம் இல்லை, வைத்துக்கொள்கிறேன்.

20 ஜூன்

சாப்பாடு. ஒட்டு வராமல் தடுக்கும் சாப்பாடு கிடையாது. ஒரு முறை அடைப்பு வந்தவர் குறுகலான இடத்தில் நார் உருண்டை போய்ச் சிக்காமல் பார்த்துக்கொள்ளலாம், அது மட்டும்தான். நான் விட்டவை: பலாக்காய், முருங்கைக்காயின் சக்கை, ஆரஞ்சின் வெள்ளைத் தோல், தேங்காய்ப் பத்தை, தவ்கே (முளைப்பயறு). முருங்கைக்கீரையைப் பொடியாக நறுக்கிச் சாப்பிடுகிறேன். ஒரே நேரத்தில் நிறையச் சாப்பிடுவதில்லை. மெல்லுகிறேன், மாடு போல. கல்யாண வீட்டில் கடைசியாக எழுந்திருப்பவள் நான்தான், பரிமாறுபவர்களுக்கு என்மேல் கோபம்.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே அம்மாவை எழுந்து நடக்க வையுங்கள். ‘நடந்தால் ஒட்டாது’ என்று வார்டில் எல்லாரும் சொல்வார்கள், நானும் ஊரில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கு நல்ல சான்று இல்லை. நடப்பது குடல் அசைய, நுரையீரலில் சளி தேங்காமல் இருக்க, காலில் ரத்தம் கட்டாமல் இருக்க. அந்த மூன்றும் போதாதா?

வெளியே தழும்பு கோடு போல அழகாக ஆறிவிட்டது, அதனால் உள்ளேயும் அப்படித்தான் என்று எண்ண வேண்டாம். மறுதலையும் அதே.

13 ஜூலை, இரவு 7.05

அம்மாவின் ஆபரேஷன் பற்றி நீங்கள் எழுதியதை இப்போதுதான் பார்த்தேன். திறந்துதான் செய்தார்கள், படலம் வைத்தார்கள், கட்டி தேங்காய் அளவு. சரி. படலத்துக்கு எவ்வளவு ஆனது என்று பிறகு எழுதுங்கள், இங்கே கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் என்கிறீர்கள். காற்றுப் பிரிந்ததா?

13 ஜூலை, இரவு 7.20

அம்மாவைக் கேட்காதீர்கள். வெட்கப்பட்டுப் பொய் சொல்வார். தாதியைக் கேளுங்கள்.